மல்டிமீட்டரைக் கணினியோடு பேச வைக்கலாம்: ஜிபிஐபி பஸ்ஸில் முதல் இணைப்பு

நல்ல பெஞ்ச் மல்டிமீட்டர் கையில் இருந்தும் அளவுகளை இன்னும் நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறீர்களா? மீட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 24 முனைகள் உள்ள அகலமான கனெக்டர் ஒன்று இருந்தால், அதுதான் ஜிபிஐபி. 1960களின் இறுதியில் ஹியூலெட்-பேக்கர்ட் தன் கருவிகளுக்காக உருவாக்கிய பஸ் இது, அதாவது பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் பொது இணைப்பு. 1975ல் ஐஇஇஇ 488 என்ற தரமாயிற்று. யுஎஸ்பியும் லேனும் வந்துவிட்டாலும், ஆய்வகங்களில் இன்னும் உழைக்கிற பழைய கருவிகளில் பலவற்றுக்குக் கணினியோடு பேச வேறு வழி இல்லை.

இங்கே எச்பி 34401ஏ என்ற 6½ இலக்க மீட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட்டும் உண்டு. ஆனால் அதற்கு பாட் ரேட், பாரிட்டி, குறுக்கு இணைப்புக் கேபிள், டிடிஆர் சிக்னல் என நான்கும் பொருந்தி வர வேண்டும். மீட்டரில் ஜிபிஐபி தேர்வாகியிருந்தால், நீங்கள் சரிபார்க்க வேண்டிய அமைப்பு ஒன்றே ஒன்று, முகவரி: பஸ்ஸில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண். முதல்முறை இணைப்பவர்கள் ஜிபிஐபியில் தொடங்குவதே நல்லது.

தேவையானவை

ஜிபிஐபி-யுஎஸ்பி அடாப்டர் ஒன்று, அதோடு வரும் விசா (கணினியும் கருவியும் பேச உதவும் மென்பொருள்), பைதான் நிரல்மொழி, பைதானிலிருந்து விசாவைப் பயன்படுத்த உதவும் பைவிசா நூலகம். அடாப்டரும் விசாவும் ஒரே நிறுவனத்துடையதாக இருக்கட்டும். ஒருவருடைய அடாப்டரை இன்னொருவருடைய விசாவோடு சேர்க்க முடியும், ஆனால் அதற்குத் தனி அமைப்புகள் உண்டு. முதல் நாளே அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 1: முகவரி

மீட்டரை ஆன் செய்து ஷிஃப்ட் பொத்தானையும், அடுத்து இடது அம்புக்குறியையும் அழுத்துங்கள். மெனு திறந்து 'ஏ' வரிசையில் நிற்கும். இடது அம்புக்குறியை இருமுறை அழுத்தினால் 'இ' எனத் தொடங்கும் ஐ/ஓ மெனு வரும். கீழ் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் முகவரிப் பகுதி, இன்னொருமுறை அழுத்தினால் எண். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 22 இருக்கும். அதை மாற்றினால் என்டர் அழுத்திச் சேமியுங்கள். மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது.

0 முதல் 30 வரை எந்த எண்ணும் வைக்கலாம். ஆனால் கணினிப் பக்கத்து அடாப்டருக்கும் ஒரு முகவரி உண்டு, பெரும்பாலும் 0 அல்லது 21. அவற்றைத் தவிருங்கள். 31ஐ வைத்தால் மீட்டர் யாரும் கேட்காமலே தன் அளவுகளை அனுப்பும் நிலைக்குப் போய்விடும், கணினியின் கட்டளையைக் கேட்காது.

அதே மெனுவில் இன்டர்ஃபேஸ் என்ற பகுதி ஜிபிஐபியில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய மீட்டர் வாங்குபவர்கள் இதை விட்டுவிடுவார்கள். முந்தைய உரிமையாளர் ஆர்எஸ்-232க்கு மாற்றியிருந்தால் எத்தனை கேபிள் மாற்றினாலும் பதில் வராது.

படி 2: கேபிள்

திருகுகளைக் கையால் இறுக்கினால் போதும். கறுப்புத் திருகு மெட்ரிக், வெள்ளித் திருகு பழைய அங்குல மரை. இரண்டையும் வலிந்து சேர்த்தால் மரை போய்விடும்.

உள்ளே 16 சிக்னல் கம்பிகள்: எட்டு தரவுக்கு, ஐந்து நிர்வாகத்துக்கு, மூன்று கைகுலுக்கலுக்கு. இந்த மூன்றில்தான் ஜிபிஐபியின் அழகு இருக்கிறது. தரவை அனுப்புபவர் 'பைட் தயார்' என்று ஒரு கம்பியில் சொல்வார். கேட்பவர்கள் 'நான் இன்னும் தயாரில்லை', 'இன்னும் வாங்கி முடிக்கவில்லை' என்று மற்ற இரண்டில் சொல்வார்கள். கேட்பவர்களில் ஒருவர் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதனால் வேகமான கருவியும் மெதுவான கருவியும் ஒரே பஸ்ஸில் ஒரு பைட்டும் தவறாமல் பேசிக்கொள்கின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு: பழுதான ஒரே ஒரு கருவி மொத்த பஸ்ஸையும் நிறுத்திவிடும்.

படி 3: பெயரைக் கேளுங்கள்

கட்டளைகளை இங்கே எழுத்து எழுத்தாகத் தமிழில் தருகிறோம். கணினியில் ஆங்கில எழுத்துகளாக அடியுங்கள்.

பைவிசாவில் ரிசோர்ஸ் மேனேஜரைத் திறந்து, "ஜிபிஐபி0::22::ஐஎன்எஸ்டிஆர்" என்ற பெயரில் மீட்டரைத் திறக்க வேண்டும். 0 அடாப்டரின் வரிசை எண், 22 மீட்டரின் முகவரி. அடுத்து, கேள்வியை அனுப்பிப் பதிலை வாங்கித் தரும் க்வெரி செயல்பாட்டில் "*ஐடிஎன்?" அனுப்புங்கள். நிறுவனப் பெயர், மாடல், 0, மென்பொருள் பதிப்பு என நான்கும் காற்புள்ளியால் பிரிந்து வரும். மீட்டரின் திரையில் 'ஆர்எம்டி' என்ற சிறு எழுத்தும் எரியும்.

இந்தப் பதில் வரும்வரை மேற்கொண்டு ஒரு வரி நிரல்கூட எழுதாதீர்கள். வரவில்லையென்றால் தவறு பெரும்பாலும் முகவரியிலோ இன்டர்ஃபேஸ் தேர்விலோ கேபிளிலோ விசாவிலோதான் இருக்கும்.

படி 4: அளவு எடுங்கள்

"எம்இஏஎஸ்:விஓஎல்டி:டிசி?" அனுப்பினால் +4.99812300இ+00 போன்ற ஒரு வரி வரும். 'இ' க்குப் பின் இருப்பது பத்தின் அடுக்கு. பைதானின் ஃப்ளோட் இதை அப்படியே எண்ணாக்கிவிடும்.

துல்லியம் கூட்டும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். "விஓஎல்டி:டிசி:என்பிஎல்சி 100" என்றால், ஓர் அளவுக்கு மின்வழங்கலின் 100 சுழற்சிகள். 50 ஹெர்ட்ஸில் அது 2 விநாடி. ஆட்டோ ஜீரோ இயங்கும்போது உள்ளீட்டை ஒருமுறையும் பூஜ்யத்தை ஒருமுறையும் அளப்பதால் 4 விநாடி ஆகும். பைவிசாவோ இயல்பாக 2000 மில்லிவிநாடிதான் காத்திருக்கும். மீட்டர் ஒழுங்காக அளந்துகொண்டிருக்கும்போதே 'டைம்அவுட்' என்று நிரல் விழும். டைம்அவுட்டை 10000 ஆக்குங்கள்.

இன்னொன்று: 'எம்இஏஎஸ்' கட்டளை ஒவ்வொரு முறையும் மீட்டரை இயல்பு அமைப்புக்குத் திருப்பிவிடும், நீங்கள் வைத்த 100 போய் 10 ஆகிவிடும். சரியான வரிசை: முதலில் "சிஓஎன்எஃப்:விஓஎல்டி:டிசி 10" (இந்த 10, வோல்ட் வரம்பு), அடுத்து என்பிஎல்சி, அதன் பிறகு ஒவ்வொரு அளவுக்கும் "ஆர்இஏடி?".

பதில் வராதபோது

"*சிஎல்எஸ்" அனுப்பிப் பழைய பிழைகளைத் துடையுங்கள். சிக்கல் தந்த கட்டளையை மீண்டும் அனுப்பி, "எஸ்ஒய்எஸ்டி:இஆர்ஆர்?" கேளுங்கள்.

-113 வந்தால் கட்டளையில் எழுத்துப்பிழை. -420 வந்தால் கேள்வி கேட்காமலே பதிலைப் படிக்கப் போயிருக்கிறீர்கள். பெரும்பாலும் கேள்விக்குறி விட்டுப்போயிருக்கும். -410 வந்தால் முந்தைய பதிலை வாங்காமல் அடுத்த கட்டளையை அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி, ஒரு பதில் என்ற ஒழுங்கு மாறாமல் இருந்தால் பின்னிரண்டும் வராது.

இரண்டாவது கருவி

கனெக்டரின் முதுகிலேயே இன்னொரு சாக்கெட் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்தலாம். பவர் சப்ளைக்கு 5 என வேறு முகவரி வையுங்கள். இரண்டும் 22ல் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, பதில் குழம்பிவிடும். ஒரு பஸ்ஸில் கணினியையும் சேர்த்து 15 கருவிகள்தான். கேபிளின் மொத்த நீளம் ஒரு கருவிக்கு 2 மீட்டர் என்ற கணக்கில், அதிகபட்சம் 20 மீட்டர். இணைத்தவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது ஆனில் இருக்க வேண்டும். அணைத்த கருவி பஸ்ஸுக்குச் சுமையாகலாம். நேற்று ஓடிய அமைப்பு இன்று ஓடவில்லை என்றால், முதலில் யாராவது ஏதாவது ஒரு கருவியை அணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.