கோர்ஸ் ஃபீட்பேக் எடுக்கற பொறுப்பு உங்க தலைல விழுந்துடுச்சா? யார் எழுதினதுன்னு தெரியாம எடுக்கறது எப்படி

செமஸ்டர் முடியப்போற நேரத்துல ஹெச்ஓடி கூப்பிட்டு "ஃபீட்பேக்க நீங்க பாத்துக்கோங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ஐக்யூஏசிக்கு போகணும்"னு சொல்லுவார் (ஐக்யூஏசின்னா காலேஜுக்குள்ளயே தரத்த பாக்கற குழு), உடனே போன வருஷ ஃபார்மயே ஜெராக்ஸ் எடுத்து கிளாஸ்ல குடுத்து வாங்கிட்டு வந்தா நாக்குக்கு, அதாவது காலேஜ்கள மதிப்பிடற தேசிய அமைப்புக்கு, காட்டற ஃபைல் ரெடி, ஆனா உள்ள பூரா 'குட்', 'வெரி குட்' தான் இருக்கும். அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னலே 40 மார்க், அத போடறவரே எதிர்ல நின்னா எவன் உண்மைய எழுதுவான்?

1. முதல்ல தேதி. இன்டர்னல் பேப்பர் திருத்தி குடுத்த அன்னிக்கு வேண்டாம், அன்னிக்கு வர்றது வெறும் கோவம். கேக் வெட்டி ட்ரீட் குடுத்த அன்னிக்கும் வேண்டாம். சிரிக்காதீங்க, ஜெர்மனில மூன்ஸ்டர்ல மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ்ல பாதி குரூப்புக்கு மட்டும் சாக்லேட் குக்கீ குடுத்து பாத்த ஒரு ஆய்வு 2018-ல வந்துச்சு, குக்கீ சாப்பிட்டவங்க டீச்சருக்கும் பாட மெட்டீரியலுக்கும் அதிக ஸ்கோர் போட்டிருந்தாங்க.

2. அடுத்து கேள்வி. "ஆசிரியர் பாடத்தில் புலமை வாய்ந்தவரா?"ன்னு செகண்ட் இயர் பையன கேட்டா அவனுக்கு எப்படிங்க தெரியும்? அவன் கண்ணால பாத்தத மட்டும் கேளுங்க. "கேட்ட டவுட்டுக்கு அடுத்த கிளாஸுக்குள்ள பதில் வந்துச்சா", "இன்டர்னல் பேப்பர்ல எதுக்கு மார்க் குறைஞ்சதுன்னு புரிஞ்சுதா", இந்த மாதிரி. பத்து கேள்விக்கு மேல போனா பசங்க எல்லாத்துக்கும் நாலாவது கட்டத்தயே டிக் அடிச்சிட்டு போயிடுவாங்க.

3. ஃபார்ம் செட்டிங், இங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கூகுள் ஃபார்ம்ஸ்ல ஈமெயில் கலெக்ட் பண்ற ஆப்ஷன ஆஃப் பண்ணிட்டு, ஒருத்தருக்கு ஒரு ரெஸ்பான்ஸ்ங்கறத மட்டும் ஆன் பண்ணுங்க. லாகின் கேக்கும், ஆனா மெயில் ஐடி உங்க ஷீட்டுக்கு வராது. பசங்க திரைல அவங்க மெயில் ஐடி தெரியறதால பயந்துடுவாங்க, ஸோ பக்கத்துலயே அது ஷேர் ஆகலன்னு எழுதியிருக்கறத முன்னாடியே காட்டிடுங்க. ஃபைல் அப்லோட் கேள்வி வைக்காதீங்க. ரோல் நம்பர், சிஜிபிஏ, ஹாஸ்டலா டேஸ்காலரா, எதுவும் கேக்காதீங்க, லேட்டரல் என்ட்ரில (டிப்ளமோ முடிச்சு நேரா செகண்ட் இயர்ல) வந்த ஹாஸ்டல் பொண்ணு ஒரே ஒருத்தின்னா அதுவே பேர் எழுதின மாதிரி தான்.

4. எடுக்கற அன்னிக்கு அந்த சப்ஜெக்ட் நடத்தற ஸ்டாஃப், கிளாஸ் ரூம்லயே இருக்கக்கூடாது, வேற டிபார்ட்மெண்ட் ஆள் ஒருத்தர் நிக்கட்டும். பதினஞ்சு நிமிஷம் கிளாஸ் நேரத்துலயே குடுங்க, வீட்ல போய் பண்ணுன்னா பாதி பேர் பண்ண மாட்டாங்க. லேப்ல ரோல் நம்பர் வரிசைல ஒவ்வொருத்தரா கூப்பிடாதீங்க, ஷீட்ல ஒவ்வொரு பதிலும் எப்ப வந்துச்சுன்னு டைம்ஸ்டாம்ப் இருக்கு, வரிசைய வெச்சே யாருன்னு எண்ணிடலாம். பேப்பர் தான்னா டிக் மட்டும் வைங்க, கையெழுத்த பாத்தே ஆள சொல்ற ஸ்டாஃப் எல்லா காலேஜ்லயும் உண்டு. கிளாஸ் ரெப் கைல குடுத்தனுப்பறதும் வேண்டாம், கவர்ல போட்டு பசங்க முன்னாடியே ஒட்டுங்க.

5. ரிப்போர்ட். ஒரிஜினல் ஷீட்ட யாருக்கும் ஷேர் பண்ணாதீங்க, காப்பி எடுத்து டைம்ஸ்டாம்ப முழுசா அழிச்சு வரிசைய கலைச்சிட்டு தான் குடுக்கணும். ஆவரேஜ் மட்டும் போடாதீங்க, பாதி பேர் 5, பாதி பேர் 1 போட்டாலும் 3 தான் வரும், எல்லாரும் 3 போட்டாலும் 3 தான், ரெண்டும் ஒரே கிளாஸா? எத்தன பேர் எத போட்டாங்கன்னு காட்டுங்க. கமெண்ட்ல "எங்க அரியர் பேட்ச்க்கு"ன்னு ஆள காட்டிக்குடுக்கற வரி இருந்தா விஷயத்த வெச்சுக்கிட்டு அடையாளத்த எடுத்துடுங்க. டிரஸ், உடம்பு பத்தின அசிங்கம், முக்கியமா லேடி ஸ்டாஃப் மேல வர்றது, அப்படியே தூக்கிடலாம். நாலு பேர் படிக்கற எலக்டிவ்க்கு தனி ரிப்போர்ட்டே வேண்டாம், ரெண்டு செமஸ்டர் சேர்ந்ததும் மொத்தமா குடுங்க.

சப்ஜெக்ட் ஸ்டாஃப் கைக்கு ரிப்போர்ட் போறது இன்டர்னல் மார்க் என்ட்ரி முடிஞ்சு லாக் ஆனதுக்கப்புறம் தான். ஹெச்ஓடி முன்னாடியே கேட்டா, இந்த தேதிய சர்க்குலர்லயே போட்டு பிரின்சிபால் கையெழுத்து வாங்கி வெச்சிருந்தீங்கன்னா அத காட்டிடலாம், நீங்க தனியா மல்லுக்கட்ட வேண்டியதில்ல.