முதன்முறை மாட்டுப் பண்ணை பார்க்கிறீர்களா? கிராண்ட்-கோர்ஸில் இப்படித் தொடங்குங்கள்

அமெரிக்காவில் எல்லோஸ்டோனைப் பார்த்துவிட்டுக் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குக் காரில் போகிறவர்களில் பலர், மொன்டானா மாநிலத்தின் டீர் லாட்ஜ் என்ற சிற்றூரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துவிடுவார்கள். ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது கிராண்ட்-கோர்ஸ் பண்ணை. தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் வரலாற்றிடம்தான், ஆனால் மாடுகள் இன்றும் அங்கே மேய்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. அரை நாள் ஒதுக்குங்கள்.

படி 1: போனதும் பெயர் கொடுங்கள்

பண்ணை முதலாளியின் மாளிகைக்குள் ரேஞ்சர் எனப்படும் பூங்கா அலுவலருடன் மட்டுமே போக முடியும், ஒரு குழுவில் சிலருக்குத்தான் இடம். பருவத்துக்கு ஏற்ப நேரமும் மாறும். ஆகவே முந்தைய நாளே துறையின் இணையதளத்தைப் பாருங்கள். முடிந்தால் மதியச் சுற்றைக் கேளுங்கள். ஏன் என்பது படி 4-இல். காலுக்கு மூடிய காலணி போடுங்கள். சாணம் மிதிக்காமல் யாரும் திரும்புவதில்லை.

படி 2: இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள்

ஜானி கிராண்ட், கனடாவில் பிறந்த வணிகர். ஒரெகான் பாதை என்ற நெடுவழியில் வண்டி கட்டி மேற்கே போன குடியேறிகளின் மாடுகள் நடந்து நடந்து குளம்பு தேய்ந்து நிற்கும். கொழுத்த மாடு ஒன்றைக் கொடுத்து, அப்படி ஓய்ந்த மாடுகள் இரண்டை வாங்குவார். ஒரு பருவம் புல் தின்றால் அவையும் கொழுத்துவிடும்! மந்தை பெருகியது, 1862-இல் இங்கே வீடு கட்டினார். 1866-இல் பண்ணையை 19,200 டாலருக்கு வாங்கியவர் கான்ராட் கோர்ஸ். இன்றைய ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் பிறந்து, தங்கச் சுரங்க முகாம்களில் இறைச்சிக் கடை நடத்தியவர். பண்ணையை விரிவாக்கியவர்கள் அவரும் ஒருதாய்ச் சகோதரர் ஜான் பீலன்பெர்க்கும்.

படி 3: முதலில் தொழுவம், லாயம், கொல்லுப்பட்டறை

இவற்றை நீங்களாகவே சுற்றலாம். வேலிக் கதவுகளுக்கு ஒரே விதி: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டு வாருங்கள். குதிரையின் பின்பக்கம் நிற்காதீர்கள்.

சூட்டுக்கோல்களைக் கண்டால் நின்று படியுங்கள். வேலியில்லாப் புல்வெளியில் பல முதலாளிகளின் மாடுகள் கலந்து மேய்ந்ததால், சூட்டுக் குறிதான் உரிமைப் பத்திரம். இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் எழுத்துக்குச் 'சோம்பேறி' என்றே பெயர். கோர்ஸின் குறி 'சிகே'.

அடுத்து, சாய்தளம் போல நிற்கும் மர ஏணி ஒன்றைத் தேடுங்கள். பீவர்ஸ்லைட் என்பார்கள். குதிரைகள் கயிற்றை இழுக்க, புல்கட்டு சரிவில் ஏறி உச்சியிலிருந்து மறுபுறம் கொட்டும், புற்போர் உயரும். மொன்டானாவின் பிக் ஹோல் பள்ளத்தாக்கில் பிறந்த கருவி இது. புற்போர் போடும் தேவை எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பண்ணையின் முக்கியமான கதை. 1886 கோடையில் வறட்சி. அடுத்து வந்த குளிர்காலத்தில் பனி உருகி மறுபடி உறைந்து, புல்லின்மேல் கண்ணாடிபோல் இறுகியது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. திறந்தவெளியில் அவிழ்த்துவிட்டால் போதும் என்றிருந்தவர்கள், வேலி போட்டுப் புல் அறுத்துச் சேமிக்கத் தொடங்கினார்கள்.

படி 4: பிறகு மாளிகை

மொத்தம் 23 அறைகள். முன்பகுதி 1862-இன் மரக்கட்டிடம், பின்பகுதி 1890-இல் சேர்த்த செங்கல் கட்டிடம். கோர்ஸின் மனைவி அகஸ்டா, 1868-இல் பத்தொன்பது வயதில் மணமகளாக இங்கே வந்தவர். குடும்பம் பயன்படுத்திய மேசை நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. நேரே இங்கே வருபவர்களுக்கு இது இன்னொரு பணக்காரர் வீடு. தொழுவ வாசனை மூக்கில் இருக்கும்போது பார்த்தால்தான் அந்த ஆடம்பரத்தின் விலை புரியும். எதையும் தொடாதீர்கள்.

படி 5: காப்பி

கோடையில் சமையல் வண்டியருகே மாட்டுக்காரர் காப்பி கிடைத்தால் வாங்குங்கள். வடிகட்டி கிடையாது, தூளைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கும்பகோணத்துக்காரர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ளவும். தூள் அடியில் தங்கும்வரை பொறுத்திருந்து குடியுங்கள். கடைசி வாய் கோப்பையிலேயே இருக்கட்டும்.