சுமோவுக்குப் பதிலா என்ன வாங்கலாம்: பழைய பிக்கப்பா, பழைய எஸ்யூவியா?

எங்கள் சுமோ 2005 மாடல். இரண்டாவது தடவை ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தால் ஐந்தைந்து வருடமாகத்தான் நீட்டித்துத் தருவார்கள், 20 வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணமே 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய், அதற்கு மேல் பசுமை வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்கு டிங்கரிங், பெயிண்ட், நாலு டயர். இவ்வளவும் செலவு செய்து முடித்தால் கையில் இருப்பது மறுபடி அதே சுமோ. சரி, மாற்றிவிடலாம், பின்னால் திறந்த தொட்டி இருக்கிற பிக்கப்பா, குடும்பமாக உட்காருகிற எஸ்யூவியா என்று இறங்கி நாலு மாதம் அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இது.

முதலில் ஒரு நோட்டு எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் உண்மையிலேயே எத்தனை நாள் பாரம் ஏற்றினீர்கள் என்று எழுதுங்கள். எங்களுக்கு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு, "தோப்புக்காரன் பிக்கப்தான் வாங்கணும்" என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். எழுதிப் பார்த்தால் தேங்காயை வியாபாரியே வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போகிறார், நான் ஏற்றியது உர மூட்டை, மோட்டார், சொட்டுநீர்க் குழாய், எல்லாம் சேர்த்து வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அதற்கு ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) வாடகைக்குச் சொன்னால் போதும். மீதி நாளெல்லாம் ஆஸ்பத்திரி, கல்யாணம், பழனி, பிள்ளைகளைக் காலேஜில் விடுவது. வாரத்துக்கு மூன்று நாள் பால் கேனோ காய்கறியோ ஏற்றுகிறவர் கணக்கு வேறு, அவர் பிக்கப்பே பார்க்கட்டும்.

பார்க்கும் முன் போர்டு விஷயம் புரிய வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பிக்கப்பா எஸ்யூவியா என்பது பாதிக்கு மேல் மஞ்சள் போர்டா (தொழில் வண்டி) வெள்ளை போர்டா (சொந்த வண்டி) என்ற கேள்விதான். பொலிரோ பிக்கப், யோதா மாதிரி வண்டிகள் பெரும்பாலும் சரக்கு வாகனமாகப் பதிவானவை. முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்குப் பிறகு வருடா வருடம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பர்மிட்டும் வேண்டும். லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம், 7,500 கிலோ வரைக்கும் கார் லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் பின்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், விபத்து என்று ஆனால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார்.

பிக்கப்பும் வேண்டும், வெள்ளை போர்டும் வேண்டும் என்றால் 2016இல் வந்த இசுசு வி-கிராஸ் இருக்கிறது. எனக்கும் ஆசைதான், ஓட்டியும் பார்த்தேன். ஐந்தேகால் மீட்டர் நீளம், எங்கள் தெருவில் திருப்புவதற்குள் கழுத்து வலித்தது, பின்னால் பாரம் இல்லாமல் மேடு பள்ளத்தில் போனால் பின்சீட்டில் இருக்கிற அம்மா குதித்துக்கொண்டே வருவார்கள். ஆசை அன்றோடு தீர்ந்தது.

எந்த மாடல் என்பதற்கு என் ஒரே விதி: உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற வண்டி. செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இவை மலிவாகக் கிடைக்கும், ஃபோர்டு எண்டெவர் உண்மையிலேயே நல்ல வண்டி, ஆனால் ஒரு லைட்டுக்கும் சென்சாருக்கும் கோயம்புத்தூர் முழுக்கப் போன் போடுகிற பொறுமை எனக்கு இல்லை. டீசல் டஸ்டர், பழைய 2.5 டீசல் இன்னோவா இரண்டிலும் டைமிங் பெல்ட், எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் குறையுங்கள், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி செய்த) டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு, தினமும் இரண்டு கிலோமீட்டர் தோப்புக்கும் வீட்டுக்குமாக ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

இனி வண்டி பார்ப்பது. காலையில் போங்கள், வெயில் வேண்டும். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஸ்டார்ட்டிங் தகராறை மறைக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நிற்கட்டும். நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகலாம், இல்லை டீசல் சரியாக எரியவில்லை. ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் கருகருவென்று அடித்தால் இன்ஜெக்டர், டர்போ பக்கம் செலவு. அப்புறம் எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை, குப்குப்பென்று தள்ளினால் எஞ்சின் வேலை இருக்கிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள்.

பிறகு சட்டையைப் பார்க்காமல் கீழே படுத்துவிடுங்கள். இந்த வண்டிகளுக்கு உயிரே சேசிஸ் என்கிற அடிச்சட்டம்தான், அதில் வெல்டிங் தழும்போ உதிரும் துருவோ இருந்தால் எழுந்து தூசி தட்டிக்கொண்டு கிளம்பலாம், பேரமே வேண்டாம். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பிக்கப்பில் பின்சக்கர ஸ்பிரிங்கின் லீஃப் பட்டைகளை எண்ணுங்கள், கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு சேர்த்திருந்தால் அந்த வண்டி எவ்வளவு ஓவர்லோடு பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மண் தரையில் போட்டுப் பாருங்கள், தார் ரோட்டில் வேண்டாம், கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

மீட்டரை நம்பாதீர்கள். 62,000 கிலோமீட்டர் என்று ஒரு புரோக்கர் காட்டிய ஸ்கார்பியோவில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. கம்பெனி சர்வீஸில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டால், அதற்கு இரண்டு வருடம் முன்பே 1,40,000! டயரின் வயதையும் பாருங்கள், பக்கவாட்டில் இருக்கிற எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் வருடமும், 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், கால் வைக்கிற மேட்டுக்கு (தரை விரிப்புக்கு) அடியில் கை விட்டுப் பாருங்கள், 2015லும் 2023லும் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் உண்டு, பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு போகவே போகாது.

"டெல்லி வண்டி, பாதி விலை" என்று வருவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்குக் கட்டுப்பாடு வந்தது, அதனால் அதற்கு முன்பே தெற்கே தள்ளிவிட்டார்கள். வண்டி மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பேப்பர் பக்கம் சுருக்கமாக: பரிவாகன் என்கிற அரசு இணையதளத்தில் வண்டி எண் போட்டு லோன், இன்சூரன்ஸ், நிலுவைச் செல்லான் (அபராதம்) பாருங்கள். லோன் முடிந்திருந்தாலும் ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கிற பேங்க் அடமானக் குறிப்பு, கேன்சல் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பேங்க் என்.ஓ.சி.யும் அதை நீக்குகிற ஃபார்ம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவரோடு போய்விடும், அதைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடைசியில் நான் வாங்கியது 2017 பொலிரோ பவர் பிளஸ், ஒரே ஓனர், பக்கத்து ஊர் ரிட்டையர்டு வாத்தியார் வண்டி. கொஞ்சம் அதிகம்தான் கொடுத்தேன், ஆனால் எல்லாப் பில்லும் ஒரு மஞ்சள் பையில் இருந்தது.

பழைய வண்டியை விற்பதிலும் இதே கவனம் வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி எங்காவது இடித்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் சுமோவை வாங்கியவரோடு பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30 எடுத்துக்கொண்டு நானே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன், ரசீது கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது சாவியைக் கொடுத்தேன்.