லெதர் சோபா: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் நாம் செய்யும் தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் குட்டித்தூக்கம் போட்டு எழுந்தார் அப்பா. வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்புக் கறுப்பாகச் செதில். எறும்பு என்று நினைத்து உதறினார், உதிரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் 'லெதர்' என்று சொல்லிக் கொடுத்த சோபா உரிந்துகொண்டிருந்தது. குஷன் வேலை செய்பவரை வரச்சொன்னோம். அவர் குஷனின் ஜிப்பைத் திறந்து, உறையின் உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வலைத்துணி. "இது துணி சார். மேல இருந்தது பூச்சு. பூச்சு போயிடுச்சு, அவ்வளவுதான்."

அந்த ஜிப்பைக் கடையிலேயே திறக்காமல் விட்டதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. நிஜத் தோலின் உட்பக்கம் சொரசொரப்பாக, நார் நாராக, கொஞ்சம் பஞ்சு போல இருக்கும். துணி தெரிந்தால் அது ரெக்சின் அல்லது பியூ (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய துணி). 'பாண்டட் லெதர்' என்று ஒன்று உண்டு. தோல் வெட்டிய கழிவைத் தூளாக்கி, பசையோடு சேர்த்துத் தாளாக்கி, மேலே பாலியூரித்தேன் பூசுவது. அதிலும் தோல் இருக்கிறது என்பதால் 'லெதர்' என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. கருவாட்டுக் குழம்பில் கருவாடு தேடுவது மாதிரிதான். உள்ளே பார்க்கக் கடைக்காரர் தயங்கினால், சோபாவின் அடியில் துணி மடித்து ஆணி அடித்திருக்கும் ஓரத்தைப் பாருங்கள். வெட்டு முனை அடுக்கடுக்காகத் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

பியூ உரிவதற்கு நாம் உட்கார்ந்து தேய்த்தது மட்டும் காரணமில்லை. பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சிதையும். வெப்பமும் சேர்ந்தால் இன்னும் வேகம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. யாரும் உட்காராமல் பூட்டிய வீட்டில் கிடந்த சோபாவும் உரிவது இதனால்தான். உரிய ஆரம்பித்த பிறகு எந்த க்ரீமும் அதை ஒட்டவைக்காது.

விலையை வைத்தும் ஒரு கணக்குப் போடலாம். ஒரு முழு மாட்டுத்தோல் ஏறக்குறைய 50 சதுர அடி வரும். மூன்று பேர் உட்காரும் சோபா முழுவதையும் மூட நாலைந்து தோலாவது வேண்டும். தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். அப்படியிருக்க, மரம், ஃபோம், தையல் கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்கு 'முழு லெதர்' சோபா என்றால் யோசிக்க வேண்டாமா? உடம்பு படும் இடத்தில் மட்டும் தோல், பக்கவாட்டிலும் பின்னாலும் பியூ என்று செய்வதும் உண்டு. சொல்லி விற்றால் அதில் தப்பில்லை. எந்தப் பகுதி தோல் என்று பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சில கடைகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுவார்கள். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சாயம் மட்டும் ஏற்றிய 'அனிலின்' வகைத் தோல் தண்ணீரை உறிஞ்சிக் கறுக்கும். மேலே நிறப்பூச்சு கொடுத்த 'பிக்மென்டட்' தோலில் சொட்டு அப்படியே உருண்டு நிற்கும். இரண்டும் நிஜத் தோல்தான். அதனால் இது தோலா இல்லையா என்று சொல்லும் சோதனை இல்லை, கறை பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்லும் சோதனை. அனிலின் தொட்டால் வெண்ணெய் போல இருக்கும், விலையும் அதிகம். ஆனால் அது சோபாவில் உட்கார்ந்து யாரும் சாப்பிடாத வீட்டுக்கு. டிவி பார்த்துக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிடும் நம் வீட்டுக்குப் பூச்சுத் தோல் போதும்.

கடையில் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து 'மெத்துன்னு இருக்கு' என்று எழுந்துவிடாதீர்கள். இருபது நிமிஷம் உட்காருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. முதுகைச் சாய்த்தபடி பாதம் தரையில் பதிய வேண்டும். பதியவில்லையென்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். முட்டிவலி உள்ள அம்மாவை அழைத்துப் போய், கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்ப்பது எந்த விளம்பரத்தைவிடவும் மேல். தரையோடு தரையாக இருக்கும் சோபாக்கள் போட்டோவில்தான் அழகு. ஃபோமில் '40 டென்சிட்டி' என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அது உழைப்பைச் சொல்லும், மிருதுவைச் சொல்லாது. அப்புறம், ஹாலில் ஏசி இல்லையென்றால் லெதரே வேண்டாம் என்பது என் கட்சி. மே மாதம் லுங்கியோடு உட்கார்ந்து எழும்போது தொடை 'சர்ர்' என்று பிய்ந்து வரும். துணி சோபாவோ பிரம்பு நாற்காலியோ நிம்மதி.

சரி, நல்ல தோலாகவே வாங்கிவிட்டீர்கள். இனி அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அக்கறைதான்.

முதல் குற்றவாளி தேங்காயெண்ணெய். தாத்தாவின் தோல் செருப்புக்கு விளக்கெண்ணெய் போட்டுப் பார்த்த பழக்கம் நமக்கு. அந்தச் செருப்பு ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில் பதனிட்ட, மேலே பூச்சில்லாத தோல். எண்ணெய் குடித்தது, பிழைத்தது. சோபாத் தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிடப்படுவது. குரோம்பேட்டைக்குப் பேர் வந்ததே அந்த முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பதனிடும் இடங்களில், பெரிய மர டிரம்மில் தோலைச் சுழற்றும்போதே தேவையான எண்ணெயை அளந்து ஏற்றிவிடுகிறார்கள். அதற்கு மேல் வீட்டில் தடவுவது உள்ளே போகாது. மேலே நின்று தூசியைப் பிடிக்கும், பிசுபிசுக்கும், சிக்கு வாடை அடிக்கும்.

பாட்டிலிலிருந்து ஊற்றாவிட்டாலும் தலையிலிருந்து எண்ணெய் வருகிறது. பழைய லெதர் சோபாவைப் பாருங்கள், தலை சாய்க்கும் இடம் மட்டும் கறுத்து, இளகி, பூச்சு விட்டிருக்கும். தலையெண்ணெயும் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் தலைக்கு மக்காசர் எண்ணெய் தடவியதால், நாற்காலி முதுகில் போடும் துணிக்கு 'ஆன்டிமக்காசர்' என்றே பெயர் வைத்தார்கள். நமக்கு ஒரு ஈரிழைத் துண்டு போதும். வாரம் ஒருமுறை துவைத்தால் சரி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டை மூடி வைத்தால் சோபாவில் வெள்ளைப் பொடி பூக்கும். பூஞ்சை. அதை வீட்டுக்குள் தட்டக் கூடாது, பக்கத்து நாற்காலிக்கும் பரவும். பால்கனிக்கு எடுத்துப் போய் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு தடவை. மின்விசிறியில் காயட்டும், வெயிலில் வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் பின்பக்கம் காற்றோடும். கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக்கை 'அழுக்காகிடும்' என்று வருஷக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் பூஞ்சைக்குக் கூடாரம் போட்டுக் கொடுக்கிறார்கள்.

மற்ற நாளில் வாரம் ஒருமுறை உலர்ந்த பருத்தித் துணி போதும். சானிடைசர், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, பூச்சைக் கரைத்துவிடும். குழந்தை பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கிவிட்டால் நம் கை நேராக ரிமூவருக்குத்தான் போகும். கோடு போகும், கூடவே நிறமும் போகும். தோலுக்கென்றே விற்கும் கிளீனரை, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எங்கள் சோபாவின் கதை? குஷன்காரர் அடித்துணியைக் கிழித்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே நல்ல கட்டை மரம், ஸ்பிரிங்கும் தொங்கவில்லை. "துணி மாத்தலாம் சார், தாங்கும். பார்ட்டிகிள் போர்டா இருந்தா காசு வாங்கவே எனக்கு மனசு வராது" என்றார். சாம்பல் நிறப் பருத்தித் துணி போட்டோம். முதல் வேலையாக அப்பா துணி உறையின் ஜிப்பைத் திறந்து உட்பக்கத்தைப் பார்த்தார்.