அலுமினிய எஞ்சினில் போன மரைக்கு எஃகுச் சுருள் பொருத்தும் முறை

கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டியும் ஓடும் இருசக்கர வண்டிகளில், எஞ்சின் பக்கமூடியின் போல்ட்டைக் கழற்றும்போது அலுமினிய மரையும் (துளைக்குள் உள்ள திருகு வரிகள்) சேர்ந்தே உரிந்து வருவதுண்டு. எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். அந்த வெள்ளைப் பொடி மரையிடுக்கில் இறுகி, போல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். துளையைப் பெரிதாக்கிப் பெரிய போல்ட் போடலாம் என்று பட்டறையில் சொன்னால் சம்மதிக்க வேண்டாம், ஏனெனில் மூடியின் துளையையும் பெரிதாக்க வேண்டிவரும். ஹெலிகாயில் எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளைப் பொருத்தினால் பழைய போல்ட்டே போதும்.

எம்6 (6 மில்லிமீட்டர் தடிமனுள்ள) போல்ட்டுக்கான ஹெலிகாயில் செட் ஒன்றை வாங்குங்கள். எஞ்சின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, துளையின் ஆழத்தை அளந்து டிரில்லில் ஒட்டுநாடா சுற்றிக் குறித்துக்கொண்டு, 6.3 மில்லிமீட்டர் டிரில்லால் பழைய மரையை நீக்குங்கள்.

அடுத்து மரை வெட்டுவது. வேலையின் தரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சாதாரண எம்6 டேப் (மரை வெட்டும் கருவி) இதற்கு உதவாது, செட்டில் வரும் தனி டேப்பே வேண்டும். டேப்பில் மண்ணெண்ணெய் தடவி, இரண்டு பக்கமிருந்தும் மூலைமட்டம் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்து, அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாகத் திருப்புங்கள். அலுமினியத் துகள் டேப்பின் பள்ளத்தில் ஒட்டும் குணமுள்ளது என்பதால், கை இறுகுவது தெரிந்ததுமே வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும். டேப் சாய்ந்தால் போல்ட்டும் சாய்ந்தே உட்காரும். மூடியில் ஆயில் கசியும்.

துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, புதிய மரையில் அரிப்பைத் தடுக்கும் ஜிங்க் குரோமேட் பிரைமரை மெல்லியதாகத் தடவுங்கள். கடலோர வண்டிக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. பிரைமர் ஈரமாக இருக்கும்போதே சுருளின் அடியில் குறுக்காக மடங்கியிருக்கும் நாக்கைச் செட்டிலுள்ள பொருத்தும் கருவியில் மாட்டி, கீழ்நோக்கி அழுத்தாமல் திருப்புங்கள். மேல்முனை பரப்புக்குக் கால் முதல் அரைச்சுற்று கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டு, பஞ்ச் வைத்து ஒரே தட்டில் நாக்கை உடைத்து, அந்தத் துண்டை இடுக்கியால் மறக்காமல் வெளியே எடுங்கள். எஞ்சினுக்குள் விழுந்தால் பல்சக்கரம் கெடும்.

பிரைமர் காய்ந்தபின் போல்ட்டைக் கையால் முழுவதும் திருகிப் பாருங்கள். தடையின்றி இறங்கினால், சர்வீஸ் கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்குவிசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கலாம். எம்6 மூடி போல்ட்டுக்கு வழக்கமாக அது 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும்.