நீலக் கண் மணி: வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கியில் வீட்டு வாசல், கடை, பேருந்து, குழந்தையின் சட்டைத் தோள் என எங்கும் காணப்படும் நீலக் கண்ணாடி மணிதான் நஸர் போன்ஜூ. பொறாமைக் கண்ணை இந்த மணி தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் ‘ஈவில் ஐ’ என்று விற்கிறார்கள். அதில் பல, கண்ணாடியே இல்லை. பிளாஸ்டிக்கை கண்ணாடி விலைக்கு வாங்குவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

அசல் மணி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் ஏமாற மாட்டோம். இஸ்மிர் நகருக்கு அருகே கோரெஜெ, நஸர்கோய் என்ற ஊர்களில் இது கைத்தொழில். நஸர்கோயின் பழைய பெயர் குருதெரே; இந்த மணியால்தான் புதுப்பெயர் வந்தது. பைன் விறகு எரியும் உலையில் பழைய கண்ணாடியை உருக்கி, இரும்புக் கம்பி நுனியில் சுற்றி எடுப்பார்கள். அடர்நீலத்தைத் தட்டையாக அழுத்தி, சூடு ஆறுவதற்குள் வெள்ளைத் துளி, அதன்மேல் வெளிர்நீலம், கடைசியில் கருவிழிக்கு ஒரு பொட்டு. கம்பியை உருவிய இடம்தான் நூல் கோக்கும் துளை.

அதனால் வளையங்கள் சற்றுக் கோணலாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிறு காற்றுக் குமிழிகள் தெரியும். இதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள், கைவேலையின் அடையாளமே அதுதான். கன்னத்தில் வைத்தால் கண்ணாடி சில்லென்று இருக்கும். பிளாஸ்டிக்கில் அந்தக் குளிர்ச்சியும் கனமும் கிடையாது, பெரும்பாலும் ஓரத்தில் அச்சுக் கோடு ஓடும்.

அப்புறம், மணியில் விரிசல் விழுந்தால் பதறுவது. திருஷ்டியைத் தாங்கிக்கொண்டு உடைந்தது என்று துருக்கியர் வேறொன்றை மாட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். உலையிலிருந்து வந்த கண்ணாடி சரியாக ஆறாவிட்டாலோ, திடீரென்று சூடு பட்டாலோ தானாகவே விரிசல் விடும். ஆகவே அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள். ‘உங்களுக்குப் பெரிய தோஷம்’ என்று பயமுறுத்தி விலை கூடிய மணியை நீட்டுபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஊக்கில் கோத்த மணியைச் சட்டையில் குத்துவது அங்கே வழக்கம்தான். ஆனால் குழந்தை கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். மணி கழன்றால் தொண்டையில் அடைக்கும், ஊக்கு திறந்தால் குத்தும். தொட்டிலிலும் கட்டாதீர்கள். ஆசையாக இருந்தால் கைக்கு எட்டாத வாசல் நிலையில் மாட்டலாம்.

இதை இஸ்லாமியச் சின்னம் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலும் கிறிஸ்தவர்களான கிரேக்கரும் இதே நீலக் கண்ணை மாட்டுகிறார்கள். துருக்கி அரசின் சமய விவகாரத் துறையோ, இதை அணிவது மார்க்கத்துக்கு ஏற்றதல்ல என்று 2021-இல் சொன்னது.

காரில் மாட்டுவதானால் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்கு எதிரே ஆடினால் சாலையை மறைக்கும்.