புதைத்தெடுத்த செம்பைப் புளி போட்டு விளக்காதீர்கள்

போரில் இடம்பெயர்ந்தபோது வளவில் புதைத்துவிட்டுப் போன பாத்திரங்களை, மீள்குடியேறியபின் தோண்டியெடுத்த வீடுகள் வன்னியில் எத்தனையோ. எங்கள் வளவிலிருந்தும் ஒரு பித்தளைச் செம்பு வந்தது. அன்றைக்கே பழப்புளி, உப்பு, மணல் சேர்த்துத் தும்பால் தேய்த்தோம். மாலையில் செம்பு மின்னியது. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அம்மம்மாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளைக் காணவில்லை.

அந்த அவசரம்தான் பெரிய தவறு. பழைய பித்தளையில் படிந்திருக்கும் கரும்பழுப்பு அழுக்கல்ல. உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் படலம். புளி அதைத் தின்றுவிட்டு உலோகத்தையும் தொடும். பித்தளையிலுள்ள துத்தநாகம் முதலில் கரைய, அதிலுள்ள செம்பு உலோகம் மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாக மேலே நிற்கும். துலக்கினாலும் பழைய நிறம் எளிதில் திரும்பாது.

உப்பு இன்னும் பொல்லாதது. செம்பு உலோகத்தோடு களிம்பு என்னும் பச்சைப் படிவு கூடவே பிறந்தது என்று சைவர்கள் சொல்வார்கள். ஆனால் பச்சையெல்லாம் ஒன்றல்ல. கெட்டியாக ஒட்டியிருக்கும் கரும்பச்சையை அப்படியே விட்டுவிடலாம். வெளிர்பச்சையாக, விரல் பட்டதும் மாவாக உதிர்வதுதான் ஆபத்து. அது உப்பிலுள்ள குளோரைட்டின் வேலை. முல்லைத்தீவின் உவர்நீர்க் களப்பான நந்திக்கடலின் ஓர மண்ணில் கிடந்த பொருள்களை இதற்காகவே உற்றுப் பார்க்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை அரிப்பு நிற்காது. மாரி காலத்தில் கண்முன்னே பெருகும். மென்மையான தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில், நீரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள். சவர்க் கிணற்று நீர் வேண்டவே வேண்டாம். நன்றாக உலர்ந்தபின், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். தூள் மறுபடி தோன்றினால் வீட்டு வைத்தியம் போதாது. பழம்பொருள் பேணத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஒடுக்கை நிமிர்த்தச் சுத்தியல் எடுப்பவர்களும் உண்டு. பழைய பித்தளையில் விரிசல் விழும். வெண்கலம் உடைந்தே போகும். ஒடுக்கு இருக்கட்டும்.

பாக்குவெட்டி, அரிவாள் போன்ற இரும்புக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள். நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் மெல்லிதாகப் பூசினால் போதும்.

இன்னும் தோண்டாத இடம் இருந்தால் ஒன்று: இன்னதென்று தெரியாத இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல், தட்டாமல் விலகி, உடனே கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். துருப்பிடித்துவிட்டது என்பதற்காக வெடிபொருள் செத்துவிடுவதில்லை.